விளக்குக்கு ஒரு வாசல், ரோந்துக்கு இன்னொரு வாசல்: எங்கள் சாலைக்காக மனு போட்ட அனுபவம்

எங்கள் ஊர் கொங்குப் பக்கத்து நகராட்சி. சுற்றிலும் நூற்பாலைகள். பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் குடியிருப்புக்கு வரும் இணைப்புச் சாலையில், வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் நீளமாக ஓர் இருட்டுப் பகுதி இருந்தது. இரவு 10 மணிக்கு ஷிப்ட் முடியும் பெண்கள் அந்த வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். செயின் பறிப்பு அங்கே நடந்திருக்கிறது. வண்டியில் பின்னாலேயே வந்து பேச்சுக் கொடுப்பது அடிக்கடி நடந்தது. புகாராகப் பதிவானது கொஞ்சம்தான். சொன்னால் வேலையை விடச் சொல்லிவிடுவார்கள் என்று பல பெண்கள் வீட்டில்கூட வாய் திறப்பதில்லை. அந்தச் சாலைக்கு விளக்கும் ரோந்தும் எப்படி வந்தன என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு சாலை உங்கள் ஊரிலும் இருக்கலாம்.

குடியிருப்போர் சங்கத்தில் முதலில் வந்த யோசனை, “விளக்கு வேண்டும், புறக்காவல் நிலையம் வேண்டும்” என்று ஒரே மனுவாக எழுதி நகராட்சியில் கொடுப்பது. இரண்டு மனுவாகப் பிரிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. எந்தச் செலவு எந்தத் தலைப்பில் விழும் என்று பார்ப்பது என் அன்றாடப் பிழைப்பு. அமெரிக்க நகரங்களில் மேயர் போடும் பட்ஜெட்டிலேயே போலீஸ் சம்பளமும் வரும், எத்தனை காவலர் என்பதையும் நகர மன்றமே விவாதிக்கும். நம் ஊரில் அப்படி இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 12-ஆவது அட்டவணை நகராட்சிகளுக்கென்று 18 பணிகளைச் சொல்கிறது. தெருவிளக்கு அதில் உண்டு, போலீஸ் கிடையாது. சென்னை மேயரால்கூட ஒரு காவலரை இந்தத் தெருவில் நில்லுங்கள் என்று உத்தரவிட முடியாது. ஆகவே ஒரே மனுவாகக் கொடுத்தால், போலீஸ் பாதிக்கு “எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல” என்று பதில் வரும். அந்த பதிலோடு விளக்குப் பாதியும் கோப்புக்குள் போய்விடும்.

சரி, விளக்கிலிருந்து ஆரம்பித்தோம்.

மனு எழுதுவதற்கு முன்னால் சாலையை ஒரு முறை முழுக்க நடந்து கணக்கெடுத்தோம். மின்கம்பத்தில் பெயின்டில் எண் எழுதியிருப்பார்கள் அல்லவா, அதைக் குறித்துக்கொண்டே போனோம். எல்லாமே இருட்டாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று விதமான குறை இருந்தது. சில கம்பங்களில் விளக்கு இருக்கிறது, எரியவில்லை. சில இடங்களில் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. தெருவிளக்குக்கென்று ஓட வேண்டிய தனிக் கம்பியும் இல்லை. பாலத்தை ஒட்டிய பகுதியில் கம்பமே இல்லை. முதல் குறைக்குப் புதிதாகப் பணம் தேவையில்லை, பராமரிப்பு ஒப்பந்தக்காரர் பொறுப்பு அது. இரண்டாவதுக்கு நகராட்சி மின் பிரிவு எஸ்டிமேட் போட வேண்டும். மூன்றாவதுக்கு மின்வாரியம் எஸ்டிமேட் கொடுத்து, அந்தத் தொகையை நகராட்சி கட்டினால்தான் கம்பம் நடுவார்கள். “சாலையில் விளக்கு இல்லை” என்று ஒரு வரியில் எழுதினால் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து, பெரிய செலவு என்ற பெயரில் மொத்தமும் தள்ளிப்போகும். கம்ப எண்ணோடு மூன்று பட்டியலாகக் கொடுத்தோம். முதல் பட்டியலில் இருந்தவை சீக்கிரமே எரிய ஆரம்பித்தன. மற்ற இரண்டுக்கும் “நிதி இல்லை” என்றார்கள்.

நிதி இல்லை என்ற சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது என்பது என் கருத்து. எந்தத் தலைப்பில் இல்லை, போன வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள், அது எங்கே போனது என்று கேட்க வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்பது மட்டுமல்ல, ஆவணத்தை நேரில் போய்ப் பார்வையிடவும் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, மூன்று வருட வரவு செலவுத் திட்டத்தையும் தெருவிளக்குச் செலவுப் பதிவேட்டையும் பார்வையிட வேண்டும் என்று எழுதினேன். பார்வையிடுவதில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வேண்டிய பக்கத்துக்கு மட்டும் 2 ரூபாய் கட்டி நகல் வாங்கிக்கொள்ளலாம். முப்பது நாளுக்குள் பதில் வரவில்லை. அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதிய பிறகுதான் வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

பீரோவை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே மூன்று கட்டம்: முந்தைய ஆண்டின் அசல் செலவு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. பொதுவாக எல்லாரும் பார்ப்பது கடைசிக் கட்டத்தை. பத்திரிகையில் வருவதும் அதுதான். நான் முதல் கட்டத்தைத்தான் விரல் வைத்துத் தேடினேன். “புதிய தெருவிளக்குகள் அமைத்தல்” என்ற வரியில் மதிப்பீடு வருடா வருடம் போட்டிருந்தார்கள். அசல் செலவுக் கட்டத்தில் இரண்டு வருடங்களுக்கு வெறும் கோடு. அதாவது ஒதுக்கியிருக்கிறார்கள், செலவழிக்கவில்லை. அந்த எழுத்தர் நல்ல மனிதர். “ஏனுங்க மேடம், வரி வசூலானாத்தானுங்க இந்தத் தலைப்புக்குப் பணம்? சம்பளம், கரண்ட் பில், குப்பை ஒப்பந்தம் போனா மிச்சம் எங்கீங்க?” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. நகராட்சிக் கணக்கு மூன்று நிதியாகப் பிரிந்திருக்கிறது: பொது நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. கல்விக்கென்று வசூலித்த வரியை எடுத்து விளக்குப் போட முடியாது. மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு பரிந்துரையில் 2021 முதல் 2026 வரைக்குமான மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டுப்பட்டது. மாநில அரசின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு வரும் 10 சதவீதப் பங்கில் எங்களுக்குக் கிடைப்பதும், சொத்து வரியும்தான் தெருவிளக்கைத் தாங்க வேண்டும். 2022-ல் சொத்து வரியைக் கூட்டியபோது எங்கள் தெருவிலும் கோபம் இருந்தது. எனக்கு அந்தக் கோபத்தை விடப் பெரிதாகப் பட்டது, வரியைக் கூட்டிய பிறகும் அந்தக் கோடு கோடாகவே இருப்பது.

அந்தப் பக்கங்களின் நகலோடு பகுதி சபைக் கூட்டத்துக்குப் போனோம். 2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் கலந்துகொள்ளலாம் என்று ஏற்படுத்தியது இது. முதல் கூட்டங்கள் அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் நடந்தன. கிராம சபை அளவுக்கு மக்களிடம் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதால் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். குறைவாக இருப்பதே எங்களுக்கு வசதியாகப் போனது. மில்லில் வேலை செய்யும் பெண்களையே பேச வைத்தோம். ஒரு பெண், வயது இருபதுதான் இருக்கும், எழுந்து நின்று, “பாலத்துகிட்ட வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குவேன், ஓடறதுக்கு” என்றாள். கவுன்சிலர் அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் பார்க்கவில்லை. கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் கிளம்பினோம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. எழுத்தில் இருந்தால்தான் வார்டு குழுவுக்கும் மன்றத்துக்கும் போகும்.

இடையில் ஒருவர், எம்எல்ஏ தொகுதி நிதியில் சந்திப்பில் ஒரு ஹைமாஸ் விளக்கு கேட்டுவிடலாம், சீக்கிரம் கிடைக்கும் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஹைமாஸ் நான்கு ரோடு சந்திப்பைப் பகல் மாதிரி ஆக்கும், திறப்பு விழாவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் பெண்கள் பயப்படுவது சந்திப்பில் இல்லை, அதைத் தாண்டிய இருட்டில். மேலும் அந்த விளக்குக்கான கரண்ட் பில் கடைசியில் அதே பொது நிதியின் தலையில்தான் விழும்.

பட்ஜெட்டில் இடம் பிடிக்க மார்ச் வரை காத்திருக்கக் கூடாது. மதிப்பீடு தயாரிக்கும் வேலை டிசம்பர், ஜனவரியிலேயே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ஆணையாளருக்கும் தலைவருக்கும் கவுன்சிலருக்கும் தனித்தனியாகக் கடிதம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்கினோம். 2024-25 பட்ஜெட்டில் எங்கள் சாலையின் பெயரோடு ஒரு வேலை ஏறியது. ஏறிய கையோடு மார்ச் 16-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது புதிய டெண்டர் கிடையாது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-லேயே வாக்குப்பதிவு முடிந்தும், ஜூன் முதல் வாரம் எண்ணிக்கை முடிந்து விதிகள் விலகும் வரை எல்லாம் நின்றது. அந்த இடைவெளியில் மின்வாரியத்தில் எஸ்டிமேட்டை மட்டும் தயாராக்கி வைக்கச் சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். அதனால் விதிகள் விலகியதும் கட்ட வேண்டிய தொகை கையில் இருந்தது.

இனி போலீஸ் பக்கம். விளக்கு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே இதையும் ஆரம்பித்துவிட்டோம்.

மாவட்ட எஸ்பி அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போட்டேன். எங்கள் காவல் நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, தற்போது பணியில் இருப்பவர்கள் எத்தனை, அயல்பணியில் இருப்பவர்கள் எத்தனை என்று எண்ணிக்கை மட்டும் கேட்டேன். பெயரையோ, யார் எந்த இரவு டியூட்டி என்பதையோ கேட்டால் பாதுகாப்பு, தனிப்பட்ட தகவல் என்று 8-ஆவது பிரிவைக் காட்டி மறுத்துவிட வாய்ப்புண்டு. எண்ணிக்கை வந்தது. அனுமதித்த இடங்களில் நிரம்பாதவை இருந்தன, நிரம்பியவர்களிலும் சிலர் வேறு இடத்தில் அயல்பணியில்.

அந்தக் காகிதத்தோடு ஸ்டேஷனுக்குப் போனபோது, அங்கிருந்த ஏட்டு ஒருவர் உட்கார வைத்துப் பேசினார். “காகிதத்துல இருக்கறவங்க எல்லாரும் ராத்திரி ரோட்ல நிக்கறாங்கன்னு நெனச்சுக்காதீங்கம்மா” என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒருவர் பாரா, அதாவது ஸ்டேஷன் வாசல் காவல். ஒருவர் கோர்ட் டியூட்டி. சம்மன் கொடுக்க ஒருவர் வெளியூர். திருவிழா, கட்சிக் கூட்டம் என்றால் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொள்வார்கள். ஒருவர் மருத்துவ விடுப்பு. மீதி இருப்பவர்கள்தான் ஊர் முழுக்க ரோந்து. காவலர்களுக்கு வார விடுப்பு என்று 2021-ல் அரசு ஆணை வந்தது. அது அவர்களுக்குக் கிடைக்கத்தான் வேண்டும், தூங்காத காவலரால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அப்படியானால் அந்த ஓய்வுக்கும் சேர்த்து ஆள் எடுக்க வேண்டும். ஆளெடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வாணையம், பணியிடம் உருவாக்குவது உள்துறை, அதற்குப் பணம் சட்டமன்றத்தில் நிறைவேறும் காவல்துறை மானியக் கோரிக்கையில். எங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரை நெருக்கி இதில் எதையும் வாங்க முடியாது.

புறக்காவல் நிலையக் கோரிக்கையை நாங்களே கைவிட்டது இந்தப் பேச்சுக்குப் பிறகுதான். கட்டடம் கட்டிக் கொடுக்க வியாபாரிகள் தயாராக இருந்தார்கள். ஆனால் உட்கார ஆள் யார் தருவது? பெயர்ப்பலகையும் பூட்டுமாக நிற்கும் புறக்காவல் நிலையங்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது இருட்டை விட மோசம், பாதுகாப்பு இருக்கிறது என்று நம்ப வைத்துவிடும். அதற்குப் பதிலாக, இருக்கும் ஆளை வைத்தே முடியக்கூடிய ஒன்றைக் கேட்டோம்: ஷிப்ட் விடும் நேரத்தில், இரவு பத்தேகாலிலிருந்து பதினொன்று வரை, ரோந்து வண்டி இந்தச் சாலையில் இருக்க வேண்டும், மில் கேட், பாலம் பக்கத்து டீக்கடை, எங்கள் குடியிருப்பு நுழைவாயில் ஆகிய மூன்று இடத்தில் பட்டா புத்தகம், அதாவது ரோந்து வரும் காவலர் நேரம் போட்டுக் கையெழுத்திடும் புத்தகம், வைக்க வேண்டும்.

புதன்கிழமை எஸ்பி மனு வாங்கும் நாளில் இதை நேரம், இடம் குறித்த வரைபடத்தோடு கொடுத்தோம். டிஎஸ்பி வழியாக ஸ்டேஷனுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் நேரில் வந்து சாலையைப் பார்த்தார். மூன்று இடத்தில் கேட்டதற்கு இரண்டு இடம் கிடைத்தது. டீக்கடைக்காரர் அந்தப் புத்தகத்தை பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருக்கிறார். ரோந்துக் காவலர் கையெழுத்துப் போட்ட நேரத்தை அவரே ஒரு தடவை பார்த்துக்கொள்வார். பந்தோபஸ்து நாட்களில் வண்டி வராது. முன்கூட்டித் தெரிந்தால் சொல்லிவிடுகிறார்கள், அன்றைக்கு மில்லில் இருந்து எல்லாரும் கூட்டமாகக் கிளம்புகிறார்கள்.

விளக்குகள் அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் எரிந்தன. முதல் வாரமே இரண்டு விளக்கு அணைந்தது. டைமர் பெட்டியில் கோளாறு. கம்ப எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்ததால் பராமரிப்பு ஆள் இடம் தேடி அலையாமல் வந்து சரிசெய்தார்.

இன்னும் ஒரு துண்டு பாக்கி இருக்கிறது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் நகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்குகிறது. அங்கிருந்தும் பெண்கள் மில்லுக்கு வருகிறார்கள். நகராட்சிப் பணத்தில் அங்கே ஒரு பல்புகூடப் போட முடியாது. அங்குள்ள கம்ப எண்களையும் குறித்தாகிவிட்டது. அந்த ஊர்ப் பெண்களே அடுத்த கிராம சபையில் மனுவைக் கொடுக்கிறார்கள். நாங்கள் உடன் போகிறோம்.