விலக்கிய கை

கடலுக்கடியில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்ததும், நான் டைவுக்கு அழைத்துச் சென்றவர் பக்கத்திலிருந்த மான்கொம்புப் பவளத்தை எட்டிப் பிடித்துக்கொண்டார். 12 மீட்டர் ஆழம். கிளையின் வெளிர் நுனி மேல் கட்டைவிரல் அழுந்தியிருந்தது. நான் போய் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டேன். அடுத்த நொடி அவர் காலில் மாட்டிய ஃபின்னை உதைத்து மேலே கிளம்பிவிட்டார்.

அவருடைய பிசிடியின், அதாவது காற்றடைத்த மிதவைச் சட்டையின், வாரைப் பிடித்து நிறுத்தினேன். மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர் வாயில்தான் இருந்தது, குமிழிதான் வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால், நுரையீரல் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நெஞ்சைத் தட்டினேன். முதல் குமிழி வந்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. அப்புறம் மாஸ்க்கின் மேல்விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினார். பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, நல்லபடியாக ஏறினோம்.

படகில் கேட்டார்: "என் கையை ஏங்க எடுத்து விட்டீங்க?"

"பவளம் உடைஞ்சிடும் சார்."

"எனக்குப் பிடிச்சுக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு."

மாஸ்க்கைச் சரிசெய்யக் கை வேண்டும், அதனால்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அது இல்லை. அந்த இனம் வருடத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வளரும். ஒரு சாண் கிளை என்றால் இரண்டு வருடம். அதன் மேல்தோல் மெல்லிய உயிர்த்தசை. தொடாதீர்கள் என்று இறங்கும் முன் எல்லோரிடமும் சொல்கிறேன், அவரிடமும் சொன்னேன். எப்படியும் அந்தக் கிளை அவர் பாரத்தைத் தாங்கியிருக்காது, முறிந்து கையோடு வந்திருந்தால் இன்னும் பதறியிருப்பார். சரி, இதெல்லாம் பிறகு யோசித்துச் சேர்த்த காரணங்கள்.

முதலில் என் மணிக்கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பவளத்திலிருந்து விலக்கியிருக்கலாம். இரண்டு நொடி வேலை. இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். ஆனாலும் யாராவது தடுமாறினால், என் கண் இன்னமும் முதலில் அவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. அது தவறு என்று முழுமனதாகச் சொல்ல முடியவில்லை. நான் பார்க்காவிட்டால் அங்கே அதைப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

மறுநாளும் அவர் டைவுக்கு வந்தார். டைவ் முழுக்க இரு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டே நீந்தினார். பவளத்தை நினைத்தா, என்னை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.