மழை கலந்த பாலும் செம்பு கலந்த நீரும்

மலேசியாவின் கூலிம் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் அம்மா, திடீர் மழை பிடித்துக்கொண்டால் வாளியைத் தலைத்துணியால் மூடிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடிவருவார். மரப்பாலில் மழைநீர் கலந்துவிட்டால், தோட்டத்துக் கணக்கரான கிராணி, பாலில் உள்ள ரப்பரை அளக்கும் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை விட்டுப் பார்க்கும்போது ரப்பரின் அளவு குறைந்திருக்கும். வாளி நிறைந்திருந்தாலும் சம்பளம் நிறையாது. இப்போது அந்தத் தோட்டம் முழுவதும் செம்பனை. நானோ முலாம் பூசும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் கழிவுநீரைக் கவனித்துக்கொள்கிறேன்.

முலாம் பூசிய உறுப்புகளை அலசும் நீரில் செம்பு கரைந்து வருகிறது. காஸ்டிக் சோடாவைச் சேர்த்து, நீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவை 9 அளவுக்கு உயர்த்தினால், அந்தச் செம்பு ஹைட்ராக்சைடாக மாறிச் சேறாகப் படிந்துவிடும் என்பதால் பெரும்பாலான இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அந்தச் சேறு எஸ்டபிள்யூ 204 என்னும் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தும் அபாயக் கழிவு. அதை 180 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்றவரிடம் பணம் கொடுத்து அனுப்ப வேண்டும். விலை கொடுத்து வாங்கிய செம்பை மறுபடியும் செலவழித்து வெளியேற்றுவது எனக்கு எப்போதுமே உறுத்தலாக இருந்தது.

அதனால் செம்பை மீட்க மின்வேதியியல் முறைக்கு வந்தோம். அந்த நீருக்குள் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை எதிர்முனையாகவும், உலோக ஆக்சைடு பூசிய டைட்டானியத்தை நேர்முனையாகவும் நிறுத்தி நேர்மின்னோட்டம் செலுத்துகிறோம். எஃகின் மேல் செம்பு படிகிறது. மறுமுனையில் நீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேற, தொட்டியில் அமிலம் கூடுகிறது. 1834இல் மைக்கேல் ஃபாரடே வெளியிட்ட கணக்கின்படி, 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1.19 கிராம் செம்பு படியும். லிட்டருக்கு 5 கிராம் வீதம் 200 லிட்டரில் இருக்கும் 1 கிலோ செம்பை, 100 ஆம்பியரில், மின்சாரம் சிறிதும் வீணாகாத நிலையில், எட்டரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். இரு முனைகளுக்கும் இடையிலான மின்னழுத்தம் 3 வோல்ட் என்றால் சுமார் 2.5 யூனிட் மின்சாரம்தான் செலவாகும்.

இந்தக் கணக்கை நம்பித்தான் நான் ஏமாந்தேன். எல்லாத் தொட்டிகளின் நீரும் ஒன்றாகச் சேரும் குழியிலிருந்து எடுத்து, இரவு முழுவதும் ஓட விட்டேன். காலையில் பார்த்தால் தகட்டில் பளபளப்பான செம்புக்குப் பதிலாக, கை பட்டால் உதிரும் கருஞ்சிவப்புத் தூள்தான் இருந்தது. நீரில் உலோகம் மிகக் குறைந்துவிட்டால், செம்பு அயனிகள் தகட்டை வந்தடையும் வேகம் மின்னோட்டத்துக்கு ஈடுகொடுக்காது. மிஞ்சிய மின்சாரம் ஹைட்ரஜன் குமிழிகளை உண்டாக்குவதில் வீணாகும். சுழலும் எதிர்முனை, துளைகள் நிறைந்த கார்பன் போன்றவை இதற்கு ஓரளவு உதவும் என்றாலும், எங்கள் குறை கருவியில் இல்லை, நீரை எடுத்த இடத்தில்தான் இருந்தது.

ஆகவே முலாம் தொட்டியை அடுத்து நிற்கும் முதல் அலசல் தொட்டியின் நீரை மட்டும் தனிக் குழாயில் பிரித்தெடுத்தோம். அங்கே செம்பு அடர்த்தியாக இருப்பதால் தகட்டில் படிவது உரித்தெடுக்கும் அளவுக்குத் தடிக்கிறது. செம்பு லிட்டருக்கு அரை கிராமாகக் குறைந்ததும் நிறுத்திவிடுகிறோம். அரை கிராம் என்பதும் 500 மில்லிகிராம் ஆகிறது; வெளியேற்றும் கழிவுநீருக்கான 2009ஆம் ஆண்டு விதிமுறை பி தரத்தில் அனுமதிப்பதோ லிட்டருக்கு 1 மில்லிகிராம், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறமாக விடும் ஏ தரத்தில் 0.2 மட்டுமே. எனவே மிச்சம் பழையபடி காஸ்டிக் சோடாவுக்கே போகிறது. சேறு ஒழியவில்லை, குறைந்திருக்கிறது. நிக்கலையும் இவ்வாறு மீட்கலாம். ஆனால் பிஎச் அளவை 4 அளவில் காக்காவிட்டால் ஹைட்ரஜன் முந்திக்கொள்ளும். குளோரைடு கலந்த நீரை இந்தத் தொட்டிக்குள் விடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

சென்ற வாரம் முதல் அலசல் தொட்டியின் நீல நிறம் வெளிறிப் போயிருந்தது. இரவு வேலையில் இருந்த தம்பியிடம் விசாரித்தேன். "தண்ணி கொறஞ்சிருந்துச்சுண்ணே, அதான் பைப்பைத் தெறந்து நெரப்பிட்டேன்" என்றான்.