தாரமங்கலத்துக் கல் சங்கிலி

அப்பாவின் தலைத்திவசம் தை மாதக் கடைசியில் முடிந்தது. அடுத்து வந்த மாசி 10 அன்று தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குக் குடும்பமாகப் போனோம். வேறு கோயிலை யாரும் யோசிக்கவில்லை. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல், அமாவாசையன்று கஞ்சமலைச் சித்தர் கோயில், மனம் கனத்தால் சுகவனேஸ்வரர் சந்நிதி என்று சேலத்தைச் சுற்றி அவர் கும்பிடாத சாமி கிடையாது. ஆனால் மாசியில் தாரமங்கலம் என்பது அவருக்குக் கடன் போல. காய்ச்சலோடும் போயிருக்கிறார்.

அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்றால் வீட்டின் முன்னறைதான். உருக்கிய வெள்ளியைக் கம்பியாக இழுத்து, வளையமாகச் சுற்றி, வெட்டிக் கோத்து, ஒவ்வொரு வளையத்தின் வாயிலும் பற்றுப்பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டும். கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு என்று எங்கள் ஊரில் ஒரு கொலுசு பல வாசல்களைக் கடந்துதான் கடைக்குப் போகும். அப்பாவுடையது பற்றவைக்கும் வேலை. ஊதி ஊதியே அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒட்டுத் தெரிந்தால் அந்தக் கொலுசைத் திரும்பப் பிரிப்பார். கூலி குறைந்தாலும் அப்படியே விடமாட்டார்.

அப்படிப்பட்டவர் தாரமங்கலத்து மண்டபத்தில் தொங்கும் கல் சங்கிலியின் கீழ் போய் நின்றால் நகரவே மாட்டார். ஒரே கல்லில் குடைந்து எடுத்த வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. வெட்டிக் கோத்ததல்ல, பற்றவைத்ததும் அல்ல. ஒரு வளையம் தெறித்திருந்தால் அதோடு மொத்தச் சங்கிலியும் போயிருக்கும். வாழ்நாளெல்லாம் ஒட்டைத் தேடிய கண் அங்கே ஒட்டைக் காணாமல் கலங்கும். கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் மூலவரிடம் போவார். சிறுவனாக இருந்தபோது, சாமியை விட்டுவிட்டுச் சங்கிலியைக் கும்பிடுகிறாரே என்று எனக்குத் தோன்றும். "கல்லைத் தொட்ட கையில் ஈசன் இல்லாமல் இது வருமா சாமி?" என்பார். அப்பாவுக்கு வேலையும் பக்தியும் இரண்டாக இருந்ததில்லை. நான் பார்த்த பக்தியிலேயே உயர்ந்தது அதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கோயிலின் சிற்ப வேலை கெட்டி முதலிகள் காலத்தது. மதுரை நாயக்கர்களுக்கு உட்பட்டு இந்தப் பகுதியை ஆண்டவர்கள் அவர்கள். சிங்கத்தின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலால் தள்ளினால் உருளும், வெளியே எடுக்க முடியாது. வாலி வதையைச் செதுக்கியிருக்கும் தூண்கள் இன்னொரு அற்புதம். இராமன் பக்கம் நின்றால் வாலி தெரிவான், வாலி பக்கம் நின்றால் இராமன் தெரியமாட்டான். பேரப்பிள்ளைகள் வந்தபிறகு அப்பாவுக்கு இதில் புது உயிர் வந்துவிட்டது. என் மகளை இராமனிடம் நிறுத்துவார், அக்கா மகனை வாலியிடம் நிறுத்துவார். "யாருக்கு யார் தெரிகிறார்கள்?" என்று கேட்டு, பிறகு இடம் மாற்றி நிறுத்துவார். எங்களை வளர்த்த காலத்தில் பட்டறை அவருக்கு விளையாட நேரம் கொடுத்ததில்லை. எங்களுக்குத் தர முடியாமல் போனதையெல்லாம் சேர்த்துப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தார். ஆடியில் சேலம் குகைப் பகுதியில் சாமி வேடமிட்டவர்கள் வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கைக்கு இருவரையும் மாற்றி மாற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்பார். பேத்தியின் முதல் கொலுசைக் கம்பி இழுப்பதிலிருந்து மெருகு வரை தானே செய்தார். வேறு எந்த வாசலுக்கும் அதை அனுப்பவில்லை.

இந்த முறை இரும்பாலைப் பக்கமாகப் போனோம். கஞ்சமலை தெரிந்ததும் வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது. அம்மாதான் முதலில் பேசினார்: "வெயில் நன்றாக இருக்கிறது, மேகம் இல்லை." அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேற்குப் பார்த்த கோயில் இது. மாசி 9, 10, 11 ஆகிய நாட்களில் மாலைச் சூரியன் வாசல் வழியே நுழைந்து, நந்தியைக் கடந்து, கருவறையில் லிங்கத் திருமேனி மீது விழும். அதற்காகவே கூட்டம் கூடுகிறது. சூரியன் சாயச் சாய ஒளி தரையில் நீண்டுகொண்டே போனது. நெரிசலில் அம்மாவை அணைத்துப் பிடித்திருந்தேன். லிங்கத்தின் மீது பொன் படர்ந்தபோது "சிவ சிவ" என்று ஒரே குரலாக எழுந்தது. அம்மா கண்ணை மூடவில்லை. அப்பா மூடவிடமாட்டார். "கண்ணை மூடிக்கொள்ள வீடு இருக்கிறது, இங்கே திறந்து பார்" என்பது அவர் சொல்.

எள் இறைத்தபோதும் பிண்டம் வைத்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. அங்கே வந்தது. வெளியே வந்து பார்த்தால் பிள்ளைகள் இருவரையும் காணோம். வாலி தூணருகே, வெளியூர்ச் சிறுவன் ஒருவனை என் மகள் நிறுத்தி வைத்திருந்தாள். இராமன் பக்கத்திலிருந்து அக்கா மகன் "தெரிகிறேனா?" என்று கத்தினான். "தெரியவில்லை!" என்றான் அந்தப் பையன். "இப்போது நீ இங்கே வா" என்று, தாத்தா சொல்லும் அதே தோரணையில் அவனை இடம் மாற்றினாள். அம்மா சிரித்துவிட்டார்.

மாசியில் போகிறவர்கள் நண்பகலிலேயே கிளம்பிவிடுங்கள். மாலை நெருங்கினால் உள்ளே நகர இடமிருக்காது, சிற்பங்களைப் பார்க்கவே முடியாது. சங்கிலியின் கீழ் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். விதானத்தில் கவிழ்ந்த தாமரையைப் பிள்ளைகளுக்குக் காட்ட மறக்காதீர்கள். அடுத்த மாசிக்கு மாமாவின் பட்டறைக்காரர்களையும் அழைத்துப் போவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். ஒரு வேன் பேச வேண்டும்.