ஏழு நட்சத்திரமாம்!

துபாயிலிருந்து வந்த மச்சான், புர்ஜ் அல் அராப் முன்னால் எடுத்த செல்ஃபியைக் காட்டி, "செவன் ஸ்டார் ஹோட்டல் மாப்ளே" என்றான். உள்ளே போனாயா என்றால், கேட்டோடு சரியாம்.

1999-இல் அது திறந்த சமயம் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் வாய்பிளந்து சொன்னதுதான் அந்த ஏழு. எந்த அரசும் கொடுத்ததில்லை. நம் நாட்டில் உச்சமே ஐந்து நட்சத்திர டீலக்ஸ்தான். மத்திய சுற்றுலா அமைச்சகக் குழு நேரில் வந்து அறை, குளியலறை, சமையலறை என்று பார்த்துத் தரும். 5 வருடம் செல்லும். அதுவும் ஹோட்டல்காரர் விரும்பி விண்ணப்பித்தால்தான்.

போன மாதம் நான் தங்கிய லாட்ஜில் பெயர்ப்பலகையிலேயே மூன்று நட்சத்திரம். குழாயில் வெந்நீர் மட்டும் வரவில்லை. யார் கொடுத்த நட்சத்திரம் என்று வரவேற்பில் கேட்டேன்.

"போர்டு எழுதினவரு சார்."