மிளகு காய்ந்த தீவு

அம்மாவைக் கம்போடியாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அங்கோர் வாட் என்றே நினைத்துக்கொண்டார்கள். அங்கேயும் போனோம். ஆனால் முதலில் இறங்கியது தெற்கே, கடலோரத்தில் இருக்கும் கம்போட் மாகாணத்தில். அதற்குக் காரணம் மிளகு. அம்மா கொடைக்கானல் மலைப்பக்கத்துத் தாண்டிக்குடியில் பிறந்தவள். கல்யாணமாகிக் கீழே இறங்கி நாற்பது வருஷம் ஆனாலும், மிளகைப் பார்த்தால் ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்க்காமல் நகர மாட்டாள்.

தலைநகர் நோம் பென்னிலிருந்து கம்போட் சுமார் 150 கிலோமீட்டர். வேனில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிப்ரவரி மாதம் என்பதால் அறுவடை முடிந்த வயல்கள் காய்ந்து கிடந்தன. வழி நெடுக, வரப்புக்கு வரப்பு பனை. "நம்ம ஊர்ப் பனைதானே இது?" என்று அம்மா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். அதே பனைதான். நமக்கு அது மாநில மரம், அவர்களுக்குத் தேசிய மரம். சாலையோரத்தில் கருப்பட்டி விற்றார்கள். நம்முடையதைவிட வெளிறிய நிறம், கையில் எடுத்தாலே உதிர்கிறது.

கம்போட் ஊர் ஆற்றங்கரையில் சோம்பலாகக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கடைவீதி, நடுச்சந்தியில் பெரிய டுரியான் பழச் சிலை. மாலை நடைக்கு நல்ல ஊர். நாங்கள் இரண்டு இரவு தங்கினோம், அது போதும்.

மிளகுத் தோட்டத்துக்குச் செம்மண் சாலையில் போக வேண்டும். துக்துக்கை விட்டு இறங்கும்போதே தூசியில் எங்கள் தலைமுடி சிவந்திருந்தது. அம்மா தோட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். தாண்டிக்குடியில் மிளகு என்றால் காபிக்கு நடுவே சில்வர் ஓக்கிலும் முள்முருங்கையிலும் ஏறிக் கிடக்கும். ஏணி வைத்துப் பறிக்க வேண்டும். இங்கே வரிசை வரிசையாகக் கம்பம் நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கொடியை ஏற்றியிருக்கிறார்கள். இளங்கொடிகளுக்கு மேலே ஓலைப் பந்தல். கொடியைச் சுற்றிலும் ஒரு களை கிடையாது. "பிள்ளைய வளக்கற மாதிரி வளக்குறாங்கடி" என்றாள்.

அவளை அதிகம் வியக்க வைத்தது சிவப்பு மிளகு. நம் பக்கத்தில் சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததுமே மொத்தமாகப் பறித்துவிடுவோம். விட்டால் உதிரும், இல்லை குருவி கொத்தும். இவர்கள் கொடியிலேயே பழுக்க விட்டு, சிவந்த மணியை மட்டும் கையால் பொறுக்கி எடுத்துக் காய வைக்கிறார்கள். கடித்தால் முதலில் ஒரு பழ வாசனை, காரம் அப்புறம்தான் வருகிறது. பழத்தை ஊற வைத்துத் தோலை உரித்தால் வெள்ளை மிளகு. ஒரே கொடியில் பச்சை, கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று நாலு விதம் எடுக்கிறார்கள். அம்மா பொறுக்கும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே காம்பு ஆய ஆரம்பித்துவிட்டாள்.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பாரிஸ் சமையற்கட்டுகளில் பேர்பெற்றிருந்த மிளகு இது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற தீவிர கம்யூனிஸ்டுகளின் ஆட்சியில் நெல் மட்டும் பயிரிட வேண்டும் என்று ஆட்களை வயலுக்கு விரட்டினார்கள், தோட்டங்கள் பாழாயின. தப்பிப் பிழைத்துத் திரும்பிய சில குடும்பங்கள் மறுபடி கொடி நட்டன. 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, 2016-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அதை ஏற்றுக்கொண்டது. இதை நான் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்களில் வயதான ஒருத்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிப்பையில் ஒரு கிலோ கறுப்பும் அரைக் கிலோ சிவப்பும் வாங்கினோம்.

வயல்களுக்கு நடுவே நொம் ச்ஙோக் என்ற சுண்ணாம்புக் குன்று இருக்கிறது. படியேறிக் குகைக்குள் இறங்கினால் உள்ளே சின்னதாக ஒரு செங்கல் கோயில். ஏழாம் நூற்றாண்டுச் சிவன் கோயில் என்கிறார்கள், அங்கோருக்கு முந்தியது. குகைக் கூரையிலிருந்து சுண்ணாம்பு விழுது வளர்ந்து கோயில்மேல் படிந்திருக்கிறது. நம் பல்லவர் எழுத்திலிருந்துதான் கம்போடியர்களின் கெமர் எழுத்து பிறந்தது என்று படித்திருக்கிறேன். அங்கே நின்றபோது அது வெறும் தகவலாக இல்லை. அம்மா கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து எனக்கும் பூசிவிட்டாள்.

அங்கிருந்து கெப். கம்போடியாவின் மிகச் சிறிய மாகாணம். 1908-ல் பிரெஞ்சுக்காரர்கள் உல்லாசக் கடற்கரையாக உருவாக்கிய ஊர். 1960-களில் பணக்காரர்கள் கட்டிய மாளிகைகள் இன்று கதவும் ஜன்னலும் இல்லாமல் சுவர்களாக நிற்கின்றன, உள்ளே செடி முளைத்திருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் நண்டுச் சந்தை. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கடலுக்குள் கட்டிப் போட்டிருக்கும் கூடைகளை இழுத்து வருகிறார்கள். நீல நண்டுகள் உயிரோடு உள்ளே. நாம் கைகாட்டும் நண்டை, சரம் சரமான பச்சை மிளகோடு வதக்கித் தருகிறார்கள். நான் இதுவரை சாப்பிட்ட நண்டில் இதற்கு ஈடு இல்லை. அம்மா மிளகுச் சரத்தைத் தனியாக எடுத்து முருங்கைக்காய் மாதிரி பல்லால் உருவித் தின்றாள். காரம் குறைவு, வாசம் அதிகம்.

மறுநாள் கோ தொன்சாய். தொன்சாய் என்றால் முயல், முயல் தீவு. மரப்படகில் இருபத்தைந்து நிமிஷம். காற்று எதிரே அடித்ததால் ஒவ்வொரு அலையும் மடியில் வந்து விழுந்தது. எங்களை நனைத்தது பரவாயில்லை, காலடியில் இருந்த மிளகுப் பையும் ஊறிவிட்டது. ஓட்டல் அறையில் வைத்துவிட்டு வா என்று அம்மா சொல்லியிருந்தாள், நான்தான் கேட்கவில்லை.

தீவில் கார் கிடையாது. தென்னைக்குக் கீழே கீற்றுக் குடில்கள், ஊஞ்சல் வலைகள், முழங்கால் ஆழத்துக்கே வெகுதூரம் போகும் அமைதியான கடல். நாங்கள் தங்கிய குடிலில் சாயங்காலம் சில மணி நேரம்தான் மின்சாரம். அம்மா கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடிதண்ணீரில் மிளகை அலசி, தன் சேலையைத் திண்ணையில் விரித்துப் பரப்பிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

குடிலுக்குச் சொந்தக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு மூங்கில் தட்டுகள் கொண்டுவந்தார், சேலையில் கிடந்ததை அதில் மாற்றி, வெயில் நன்றாக விழும் மணல் மேட்டில் வைத்தார். அப்புறம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு மணியை எடுத்துக் காட்டி "ம்ரெச்" என்றார். வடமொழி மரீசம்தான் அங்கே அப்படி ஆகியிருக்கிறது. அம்மா "மிளகு" என்றாள். அவருக்கு ழகரம் இல்லாத அந்தச் சொல் சுலபமாகவே வந்தது. அதற்கப்புறம் அம்மாவை "போங்" என்று கூப்பிட ஆரம்பித்தார். அக்கா, அண்ணன் இரண்டுக்கும் அங்கே அந்த ஒரே சொல். கோழி வந்தால் இவர் விரட்டுவார், வெயில் நகர்ந்தால் அம்மா தட்டை நகர்த்துவாள். நான் தனியாகப் போய்க் குளித்தேன். மேற்கே போகோர் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிய பிறகு இருவரும் ஆளுக்கொரு தட்டைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

மறுநாள் காலையிலும் வெயில் வந்ததும் தட்டுகள் வெளியே வந்தன. பத்து மணிக்குப் படகுக்காரர் கூப்பிட்டபோது மிளகு சலசலவென்று உருண்டது, ஆனால் அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இன்னும் அரை மணி நேரம் வேண்டுமாம். குடிலுக்காரம்மா படகுக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து எங்களோடு திண்ணையில் உட்கார்ந்தார்.