ஒரு கோர் தாங்கிய நாள்

நெப்போலியனின் போர்களைப் படிக்கும்போது, அவருடைய தந்திரங்களைவிட, சேனையை அவர் பிரித்து வைத்திருந்த முறையே என்னை அதிகம் ஈர்க்கிறது. காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை ஆகிய மூன்றையும் தனித் தலைமையகத்தையும் கொண்டிருந்த ‘கோர்’ என்னும் பிரிவு, தனிச் சாலையில் நடந்து, பெரும்பாலும் வழியில் கிடைத்ததை உண்டு, எதிரியைச் சந்தித்தால் பக்கத்துக் கோர் வந்து சேரும்வரை ஒரு நாளாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

1805-இல் இவ்வாறு பிரிந்து நடந்த கோர்கள், உல்ம் நகரில் ஆஸ்திரியப் படையைச் சுற்றி வளைத்தன.

உண்மையான சோதனை 1806 அக்டோபர் 14 அன்று, இன்றைய ஜெர்மனியிலுள்ள ஆவர்ஷ்டெட்டில் வந்தது. நெப்போலியனின் தளபதியான மார்ஷல் டாவூவின் மூன்றாம் கோர், ஏறத்தாழ 27,000 வீரர்களுடன், இரு மடங்குக்கும் மேற்பட்ட பிரஷ்யர்களை (பிரஷ்யா என்னும் ஜெர்மானிய அரசின் வீரர்களை), பக்கத்துக் கோரின் உதவி வராமலேயே முறியடித்தது. அதே நாளில் யேனாவில் போரிட்ட நெப்போலியனோ, எதிரியின் முதன்மைப் படையைத் தாமே எதிர்கொண்டதாக எண்ணியிருந்ததால், அதை முறியடித்தது தாமே என்ற டாவூவின் செய்தியை முதலில் நம்பவேயில்லை.