உனக்கு எப்படித் தெரியும்?

கட்டுரை எழுத உதவி கேட்டு வருகிற மாணவர்களிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நான் கேட்கிற கேள்வி இது. ஏதோ ஒரு வரியைத் தீர்ப்பு மாதிரி எழுதி வைத்திருப்பார்கள், அதற்கு அடியில் ஆதாரம் என்று ஒன்றும் இருக்காது. நான் அந்த வரியில் விரலை வைத்து, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்பேன். நாவலில் எந்த இடம் உன்னை இப்படி நினைக்க வைத்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். அவர்கள் பக்கத்தைப் புரட்டித் தேடுவார்கள், இல்லாவிட்டால் வரியை அடித்துவிடுவார்கள். இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த கேள்வி, நல்ல கேள்வி. போன செமஸ்டரில் ஒரு பெண் இதற்கு வேறு விதமாகப் பதில் சொன்னாள். அதிலிருந்து இதைக் கேட்கப் போகும்போதெல்லாம் வாய் கொஞ்சம் தயங்குகிறது.

நாவல், ஏமி டானின் 'தி ஜாய் லக் கிளப்'. 1989இல் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மாஜாங் என்ற சீன விளையாட்டு ஆடக் கூடுகிற 4 சீன அம்மாக்கள், இங்கேயே வளர்ந்த அவர்களுடைய 4 மகள்கள், மொத்தம் 16 கதைகள். ஒரு அம்மா இறந்துவிட்டார், அவர் நாற்காலியில் மகள் வந்து உட்காருவதில் தொடங்குகிறது. இந்த வளைகுடாப் பக்கத்துக் கல்லூரியில் முதலாண்டு ஆங்கில வகுப்புக்கு இதை வைத்திருக்கிறார்கள். நாலு பக்கக் கட்டுரை, நாவலிலிருந்து மேற்கோள் கட்டாயம். நான் வேலை பார்க்கிற கல்லூரி எழுத்து உதவி மையத்துக்கு வருகிற டிராஃப்டுகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி முடியும்: இரண்டு கலாசாரங்களுக்கு நடுவில் சிக்கிய மகள்கள் கடைசியில் அம்மாக்களைப் புரிந்துகொள்கிறார்கள். சீனக் குடும்பத்துப் பிள்ளைகள் "எங்கள் கலாசாரம்" என்று எழுதுவார்கள், மற்றவர்கள் "அவர்கள் கலாசாரம்" என்று எழுதுவார்கள், மீதி எல்லாம் ஒன்றுதான்.

அதனால் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கலாசாரம் என்ற வார்த்தையே வரக் கூடாது. அதற்குப் பதில் நண்டைப் பார் என்பேன். சீனப் புத்தாண்டு விருந்து, தட்டில் நண்டுகள், ஒன்றுக்கு மட்டும் கால் ஒடிந்திருக்கிறது. ஆளாளுக்கு நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ள, கடைசியில் இரண்டு மிஞ்சுகிறது, மகள் ஒடிந்ததை எடுக்கப் போகிறாள், அம்மா தடுத்து நல்லதை எடுக்க வைக்கிறார். அப்புறம் அம்மா அந்த ஒடிந்த நண்டைச் சாப்பிடவும் இல்லை. இதில் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள், வாயால் எவ்வளவு, கையால் எவ்வளவு? இதை மட்டும் ஒரு பக்கம் எழுதச் சொன்னால், கலாசாரம் என்று எழுதிக்கொண்டிருந்த அதே பையன் அவ்வளவு கூர்மையாக எழுதுகிறான். சில பேரிடம் இன்னொன்றும் காட்டுவேன். மகள்கள் சொல்கிற கதைகளில் அம்மாக்கள் பேசும் ஆங்கிலம் உடைந்து உடைந்து வரும். அதே அம்மாக்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும்போது ஒரு வாக்கியம்கூடத் தடுக்காது, ஆறு மாதிரி ஓடும். இதை முதல் தடவை கவனிக்கிற மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். வரும்போதே நாவல் மேல் கோபத்தோடு வந்தாள். இந்த அம்மாக்கள் எங்கள் ஆட்கள் மாதிரி இல்லை, வேலைக்காரர்கள் இருந்த வீட்டிலிருந்து வந்தவர்கள், என் அம்மா தெற்குச் சீனாவில் தைஷான் கிராமத்திலிருந்து வந்து ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்கிறார் என்றாள். அது நியாயமான கோபம். இந்த ஊரின் பழைய சைனாடவுன் பெரும்பாலும் தைஷானிலிருந்தும் அதைச் சுற்றியும் வந்த ஆண்களால் ஆனது. 1882இல் அமெரிக்கா போட்ட சட்டம் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடுத்தது, அவர்கள் மனைவிமாரும் வர முடியவில்லை. 1943இல் அந்தச் சட்டத்தை எடுத்தபோதும் வருஷத்துக்கு 105 பேர் என்றுதான் கணக்கு வைத்தார்கள். நாவலின் அம்மாக்கள் போர்க்காலத்தில் ஷாங்காய்ப் பக்கமிருந்தும் வடக்கிலிருந்தும் கிளம்பியவர்கள், அது வேறு கதை. ஃபிராங்க் சின் என்ற எழுத்தாளர் 1991இல், இந்த மாதிரிப் புத்தகங்கள் வெள்ளைக்கார வாசகர்களுக்காகச் சீனத்தைத் திரித்துச் சொல்கின்றன என்று கடுமையாகவே எழுதினார். அதை அவளுக்குச் சொன்னேன். தன் கோபத்துக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரு தைரியம் வந்தது. இது வரைக்கும் நான் செய்ததில் எனக்குக் குறை தெரியவில்லை.

அவள் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது நாவலின் மகள்களில் ஒருத்தியான லீனாவின் கதை. லீனாவின் அம்மா யிங் யிங்குக்குப் பிறந்த குழந்தை இறந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் அம்மா சீனத்தில் கதறுகிறார், பழைய குற்ற உணர்வு, இதற்கு முன் போன இன்னொரு குழந்தை, எல்லாம் வெளியே வருகிறது. அப்பா வெள்ளைக்காரர், அவருக்கு அந்த மொழி சில வார்த்தைகள்தான். என்ன சொல்கிறாள் என்று மகளைக் கேட்கிறார். சிறுமி லீனா அதைச் சொல்லவில்லை. அம்மா இன்னொரு குழந்தையைப் பற்றி நாம் யோசிக்க வேண்டும் என்கிறார், போன குழந்தை அந்தப் பக்கம் சந்தோஷமாக இருக்கட்டும் என்கிறார், கிளம்பிப் போய்ச் சாப்பிடலாம் என்கிறார் என்று மாற்றிச் சொல்கிறாள்.

எல்லா மாணவர்களும் இந்த இடத்தில் "லீனா பொய் சொல்கிறாள்" என்றுதான் எழுதுவார்கள். அவள் எழுதியிருந்தது இது: "லீனா பொய் சொல்லவில்லை. அந்த அறையில் அப்பா தாங்கக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான் இருந்தது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்படி ஒரு வரி மாதத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிது. விரலை அதன் மேல் வைத்து, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவள் பக்கத்தைப் புரட்டவில்லை. தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டே இருந்தாள், முழுசாகப் பிய்க்கவும் இல்லை, விடவும் இல்லை. அப்புறம் சொன்னாள், "நானும் செய்திருக்கேன்."

பதினொரு வயதில், கிளினிக்கில், அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து. மனசு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்று எல்லாரிடமும் கேட்கிற கேள்விகள்தான் டாக்டர் கேட்டது. அம்மா பதில் சொன்னார். நீளமான பதில். அம்மா என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மகள் டாக்டரிடம் சொன்னது: வேலை அதிகம், களைப்பாக இருக்கிறதாம்.

மருத்துவ இடங்களில் அவசரம் தவிர மற்ற நேரங்களில் குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016இல் அமெரிக்க மத்திய அரசு விதியே போட்டது. அவள் சொன்ன சம்பவம் நடந்தது அதற்கு முந்தைய வருஷம். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அவள் கேட்டாள், "இதைக் கட்டுரையில் எழுதலாமா?"

நான் சொன்னேன், "உன் கட்டுரை. முடிவு உன்னுடையது."

இந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். எங்கள் வேலையின் தர்மப்படி நான் சொன்னது சரி. எழுத்தைத் திருத்துவது எங்கள் வேலை இல்லை, எழுதுகிறவரை வளர்ப்பதுதான் என்று 1984இல் ஸ்டீபன் நார்த் என்ற பேராசிரியர் எழுதியது எங்கள் மாதிரி மையங்களில் வேத வாக்கு. பேனாவைக் கையில் வாங்காதே, முடிவை மாணவரிடம் விடு. அவளுக்கு வயது பத்தொன்பது, அவள் வாழ்க்கை, யாருடைய அனுமதியும் அவளுக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதை அவளுடையது மட்டுமா? கிளினிக்கில் பேசியது அம்மா. மகளைத் தவிர ஒருவருக்கும் புரியாத மொழியில், மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே பேசினாரா, மறந்து பேசினாரா என்பதுகூட யாருக்கும் தெரியாது. "முடிவு உன்னுடையது" என்றபோது அந்த அம்மாவும் முடிவெடுக்க வேண்டிய ஒருவர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருந்தால் அது அவள் வாயை மூடுவது ஆகியிருக்காதா? பதினொரு வயதிலிருந்து வாயை மூடி வைத்திருந்தவள் முதல் தடவையாகத் திறக்கிறாள், அங்கே போய் நான் அம்மாவின் அனுமதி பற்றிப் பேசுவது எப்படி?

நடுவழி ஒன்று இருந்தது. ஏஞ்சல் தீவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். 1910இலிருந்து 1940 வரை இந்த வளைகுடாவின் நடுவிலேயே சீனர்களை அடைத்து வைத்து விசாரித்த இடம். 1906 பூகம்பத் தீயில் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோனதால், இங்கே பிறந்தவன், அதனால் குடிமகன் என்று சொல்லிக்கொண்ட ஒருவருக்கு மகன் என்று காகிதத்தில் மட்டும் மகனானவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள். வீட்டுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்து மொழிபெயர்ப்பாளர் மூலம் பதில் சொன்னார்கள். அந்த அறைகளிலும், தாக்குப்பிடிக்கக்கூடிய வாக்கியத்தைத்தான் சொல்ல முடிந்தது. அவள் வரிக்கு இது எவ்வளவு நல்ல ஆதாரம்! அம்மாவைத் தொடாமலே அந்தக் கட்டுரை நின்றிருக்கும். எனக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம், அந்தத் தீவுக்குப் போய்ச் சுவரில் செதுக்கியிருக்கும் சீனக் கவிதைகளையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தால், எனக்கு அவள் அம்மாவின் கதைதான் வேண்டியிருந்தது என்று தோன்றுகிறது. அந்தக் கேள்வியைப் புத்தகத்தைப் பற்றித்தான் கேட்டேன் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டேன். உண்மையிலேயே அப்படித்தானா? அந்த வரியைப் படித்ததுமே இது படித்து வந்த வரி இல்லை, பட்டு வந்த வரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் விரலை வைத்தேனோ என்னவோ.

இல்லை, அது அதிகம். கை தானாகப் போகிற இடம் அது. வருஷக்கணக்காகக் கேட்ட கேள்வி.

போன தடவை என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது நானும்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ராத்திரியெல்லாம் பட்ட பாடு, அப்பா போன பிறகு வந்த பயம், சின்ன அண்ணன் போன் செய்யாதது என்று அம்மா பத்து நிமிஷம் சொன்னதை, "இரண்டு வாரமாக முதுகு வலி" என்று டாக்டரிடம் சொன்னேன். அதைத் தப்பு என்று நான் நினைத்ததே இல்லை. அந்தப் பெண் சொன்ன பிறகுதான் நினைக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பத்தியோடு வந்தாள். ஏழு வரி. அலங்காரம் இல்லை, அழுகை இல்லை, டாக்டரின் மேசை மேலிருந்த டிஷ்யூ பெட்டியைக்கூட எழுதியிருந்தாள். நான் ஒரு வார்த்தையும் தொடவில்லை, ஒரே ஒரு காற்புள்ளி. பேராசிரியர் 'ஏ' போட்டு, மார்ஜினில் அந்தப் பத்தியின் நீளத்துக்குக் கோடு இழுத்திருந்தார்.

இப்போது நான் "எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். பாதுகாப்பான கேள்வி. மாணவர்கள் பக்கத்தைக் காட்டுகிறார்கள், வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் அவள் எழுதிய மாதிரி ஒரு பத்தி இந்த செமஸ்டர் முழுக்க எனக்கு வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இதை நான் தமிழில் எழுதுகிறேன், சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் இது போய்ச் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த அம்மாவும் அன்றைக்குத் தன் மொழியில்தான் பேசினார்.

மார்க் வந்த பிறகு ஒரு நாள் அவள் வந்தாள். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷமாம். கட்டுரையைக் குளிர்சாதனப் பெட்டி மேல் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாராம், நாலு பக்கமும் சேர்த்து ஸ்டேபிள் போட்டபடியே, முதல் பக்கத்து 'ஏ' தெரிகிற மாதிரி. அந்தப் பத்தி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. எதைப் பற்றி எழுதினாய் என்று கேட்டாராம்.

"என்ன சொன்னே?"

"நண்டைப் பத்தின்னு சொன்னேன்."

அவள் கட்டுரையில் நண்டே கிடையாது.

அப்புறம் பையை மூடப் போனவள் நின்று, "அன்னைக்கு நீங்க எப்படித் தெரியும்னு கேட்டது புத்தகத்தைப் பத்தித்தானே?" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த கட்டுரையின் டிராஃப்டை எடுத்து மேசையில் வைத்தாள்.